நாலாவது தட்டு

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று என் நாத்தனாரிடம் சொன்னது என் வாய்க்கொழுப்பு. திருச்சியில் கல்லூரிக்குப் போன இரண்டு வருஷம், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அவ்வளவுதான். அதை நம்பி ஒருத்தி என்னைப் பிரான்ஸ் தேசத்துக்கே இழுத்துக்கொண்டு போவாள் என்று நான் கனவா கண்டேன்?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மான்ட்ரியாலில் ஒலிம்பிக்ஸுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் லாசால் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். என் கணவர் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். நான் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறவள். எங்களோடு அவருடைய தங்கையும் இருந்தாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு, இங்கே வரலாற்றில் எம்.ஏ. படிக்க வந்தவள். வந்த ஒரே மாதத்தில் மூலைக்கடைக்காரனோடு பிரெஞ்சில் வம்பளக்க ஆரம்பித்துவிட்டாள். நானோ வந்து ஆறு வருஷம் ஆகியும் போன்ஜூர், மெர்ஸிக்கு மேல் வாயைத் திறந்ததில்லை. தப்பாகப் பேசி நாலு பேர் சிரிப்பதைவிட ஊமை என்று பேர் வாங்குவது மேல் என்பது என் கட்சி.

அவளுடைய படிப்புக்கு எழுநூறு எண்ணூறு வருஷத்துப் பழைய மாதா கோயில்களின் சுவர்ச் சித்திரங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் லுவார் ஆற்றுக்குத் தெற்கே, ரயில் எட்டாத சின்னச் சின்ன ஊர்களில் இருந்தன. "சைக்கிள்தான் ஒரே வழி அண்ணி. ஒரு நாளைக்கு இருபது மைல்தான். நடுவுல கோட்டை எல்லாம் பார்த்துக்கிட்டே போகலாம்," என்றாள். இவர் அன்றைக்கே வரைபடம் வாங்கி வந்து சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். இவர் கோடு போட்டால் போட்டதுதான், பிறகு யார் சொன்னாலும் மாற்ற மாட்டார்.

நான் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் சொந்தச் சிறுநீரை நானே பரிசோதித்துப் பார்த்திருந்தேன். அந்தக் காலத்தில் கண்ணாடிக் குழாயை இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் விழுந்தால் பிள்ளை உண்டு. எனக்கு வளையம் விழுந்திருந்தது. முன்பு இரண்டு தடவை இதே போல விழுந்து, சந்தோஷத்தில் எல்லாருக்கும் சொல்லி, ஊருக்குக் கடிதம் போட்டு, அந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இந்தத் தடவை மூன்று மாதம் முடியாமல் கட்டியவரிடம்கூட மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சைக்கிள் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் மட்டும் கேட்டேன். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிரான்ஸ் போய்ச் சேர்ந்து ரயிலிலிருந்து இறங்கி, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கடையில் மூன்று சைக்கிள்களை வாடகைக்கு எடுத்தோம். எதிரே ஒரு பழைய மாதா கோயில். அதன் சுவரோரம் நின்று இவர் வரைபடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஐயோ, மூணு பேரா கிளம்பறோமே!"

"ஏரோப்ளேன்ல இருநூறு பேர் இருந்தாங்களே, அந்தக் கணக்கு போதாதா உனக்கு?" என்றார் இவர்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்பட மாட்டார்கள். வேறு வழியில்லையென்றால் வழியில் ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கல்தான் நாலாவது ஆள். போன காரியம் முடிந்ததும் அதைப் போட்டுவிடலாம், அதுவரைக்கும் அது கூடவே வர வேண்டும். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு யாரால் சிரிக்க முடியும்? சுவரோரம் செடிகளுக்கு நடுவில் வெள்ளைக் கூழாங்கற்கள் கொட்டிக் கிடந்தன. உருண்டையாக ஒன்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் நாலு மடிப்பாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, என் வண்டிப் பைக்குள் வைத்தேன்.

ஊர் எல்லை தாண்டி ஒரு மைல் போயிருப்போம். நாத்தனார் என் பக்கத்தில் வந்து ஓட்டிக்கொண்டே, "கல்லு எங்கேருந்து எடுத்தீங்க அண்ணி?" என்றாள்.

"சுவரோரம் வெள்ளையாப் பரப்பியிருந்ததே, அதுலேருந்து."

அவள் வண்டியை நிறுத்திவிட்டாள். "அது சமாதி அண்ணி. சமாதி மேலதான் அப்படிக் கல்லு பரப்புவாங்க. சிலுவை சாய்ஞ்சு செடிக்குள்ள கிடந்துது, நீங்க பார்க்கலையா?"

எனக்கு நினைவுக்கு வந்தது கற்கள் பரப்பியிருந்த இடத்தின் அளவு. இரண்டு முழ நீளம்கூட இருக்காது. அவளும் அதைத்தான் நினைத்தாள் என்று முகத்தில் தெரிந்தது. கல்லைத் தூக்கி எறியவும் எனக்குத் தைரியம் வரவில்லை. பாதி வழியில் நாலாவது ஆளைக் கைவிடக் கூடாது என்பதுதானே அதில் முக்கியமான விஷயம். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கிண்டல் பண்ணுவார் என்று பார்த்தேன், பண்ணவில்லை.

"உன் பை கனமா இருக்கும், குடு," என்று என் பையைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் காற்றடிக்கும் பம்ப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லித் திரும்பிப் போனார். அரை மணி கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நான் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முடிச்சு இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கிய விடுதியில்தான் முதல் தட்டு. நாங்கள் முகம் கழுவிவிட்டு இறங்கி வந்தபோது அந்த வீட்டு அம்மாள் மேஜையில் நாலு தட்டு வைத்திருந்தாள். நாலு ஸ்பூன், நாலு கண்ணாடி டம்ளர். நாத்தனார் நாங்கள் மூன்று பேர்தான் என்றாள். அந்த அம்மாள் எங்களைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்தாள். வரட்டும், ஒன்றும் அவசரமில்லை, சூப்பை அடுப்பிலேயே வைத்திருக்கிறேன் என்று சொன்னதாக நாத்தனார் மொழிபெயர்த்தாள்.

"நாலு நாற்காலி இருக்கு, நாலு தட்டு வெச்சா. இதுக்குப் போய் ஏன் இப்படி முழிக்கறே? சாப்பிடு," என்றார் இவர். ஆனால் அவரும் அந்தக் காலித் தட்டுப் பக்கம் கையை நீட்டி ரொட்டி எடுக்கவில்லை.

இரண்டாம் நாளும் நாலு தட்டு. வேறு ஊர், வேறு விடுதி, மேஜைக்கு ஆறு நாற்காலி. மூன்றாம் நாள் மதியம் ஒரு கோட்டை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். குன்றின் மேல் கோட்டை. அதைச் சுற்றி வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. கோட்டைக்குள் இருந்த கோபுரம் மட்டும் இன்னும் முழுசாக நின்றது. படிகள் பழசு என்பதால் வாசலில் ஒரு காவல்காரக் கிழவர் நின்று, மேலே போகிறவர்களை விரல் நீட்டி எண்ணி அனுப்பினார். இறங்குகிறவர்களையும் எண்ணுவார். கணக்குச் சரியானால்தான் அடுத்த கூட்டத்தை விடுவார். அந்த நேரத்தில் எங்களைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

மேலே போய்ப் பார்த்தோம். வயல்களும் தூரத்தில் ஒரு மணிக்கூண்டும் தெரிந்தன, காது அடைக்கிற காற்று. இறங்கி வந்தால் கிழவர் எங்களை வெளியே விடவில்லை. இன்னும் ஒருவர் வர வேண்டும் என்றார். நாத்தனார் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். கிழவர் சிரிக்கவில்லை. சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு தானே மேலே ஏறினார். அவருடைய பூட்ஸ் சத்தம் சுற்றிச் சுற்றி மேலே போய் நின்றது. அவர் யாரையோ அழைக்கும் குரல் கேட்டது. அதட்டவில்லை, கொஞ்சும் குரலில் அழைத்தார். கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க இறங்கி வந்தவர் நாத்தனாரிடம் கோபமாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்ல அண்ணி, வாங்க போலாம்."

"என்ன சொன்னார்னு கேட்டேன்."

"அந்தச் சின்னது எங்கேன்னு கேட்டார்."

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் ஓட்டியது சைக்கிளா என்று எனக்கே தெரியாது. கால் பாட்டுக்கு மிதித்தது, மனசு அந்தக் கைக்குட்டை முடிச்சிலேயே கிடந்தது. காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். பிரிக்கத் துணிச்சல் இல்லை. ஒரு நிமிஷம், கூட வருவது என் பிள்ளைதான், மற்றவர் கண்ணுக்கு அது இப்போதே தெரிகிறது என்று நெஞ்சு பூரிக்கும். மறு நிமிஷம், எவளோ பெற்றுப் புதைத்த குழந்தையை அது படுத்திருந்த இடத்திலிருந்து எழுப்பி, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிகிறேன் என்று தோன்றும். அதற்கு என் பிள்ளையோடு என்ன பகை வரும், அல்லது என்ன ஆசை வரும் என்று யோசித்து யோசித்து மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நாலு தட்டு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஆறாம் நாள் காலை, நாத்தனார் தேடி வந்த மாதா கோயிலுக்குப் போனோம். வயல் நடுவில் தனியாக நின்றது, சாவியைப் பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்கித் திறக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தரை அந்த வெயில் காலத்திலும் சில்லிட்டிருந்தது. வடக்குச் சுவரில், காவியும் கறுப்புமாக, பாதி உதிர்ந்த ஒரு சித்திரம். மூன்று பேர் குதிரைமேல் வருகிறார்கள், பட்டு உடுத்தி, கையில் வேட்டைப் பருந்தோடு, நல்ல பணக்காரர்கள். எதிரே மூன்று பிணங்கள் வழிமறித்து நிற்கின்றன. தோல் உரிந்து, விலா எலும்பு தெரிய, ஆனால் ஏதோ விசாரிக்கிற பாவனையில் தலையைச் சாய்த்துக்கொண்டு. ஒரு குதிரை மட்டும் பயந்து பின்வாங்குகிறது.

நாத்தனார் குறிப்பு எழுதிக்கொண்டே, "பாருங்க அண்ணி, இவங்களும் மூணு பேரா கிளம்பியிருக்காங்க. பாவம், கல்லு எடுக்க மறந்துட்டாங்க," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு. இவர் மட்டும் சிரிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நாமளும் மூணு பேராத்தான் வந்துட்டிருக்கோம்," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"அந்தக் கல்லை அன்னிக்கே கொண்டு போய் எடுத்த இடத்துல வெச்சுட்டேன். பம்ப் எல்லாம் மறக்கல. கைக்குட்டைல இருக்கறது சைக்கிள் கடைல வாங்கின இரும்பு நட்டு."

"ஏன்?"

"உனக்கு நாள் தள்ளியிருக்குன்னு எனக்குத் தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். இந்த நேரத்துல ஒரு சின்னக் குழந்தையோட சமாதிக் கல்லு... எனக்கு மனசு ஒப்பல."

ஏரோப்ளேன் கணக்குச் சொன்ன மனுஷர்! எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கல் போய் ஐந்து நாளாகிறது. அப்படியென்றால் தட்டு வைத்த அம்மாள்களும் கோட்டைக் கிழவரும் எண்ணியது எதை? நான் அந்தப் பிணங்களுக்கு முன்னாலேயே நின்று உரக்கச் சிரித்தேன். ஆமாம், உண்டாகியிருக்கிறேன், ஐம்பத்தாறு நாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். நாத்தனார் நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை நான் அந்தச் சுவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

அங்கிருந்து அடுத்த ஊர் இரண்டு மைல். சரிவில் இறங்கி ஒரு சின்ன ஆற்றைக் கல்பாலத்தில் கடந்து, மேட்டில் ஏற வேண்டும். பாலத்தின் நடுவில் எனக்கு அடிவயிற்றில் ஏதோ வெட்டி இழுத்தது. ஒரே ஓர் இழுப்பு. காலைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி நின்றேன். கீழே தண்ணீர் ஓடுவதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. மறுபடி ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிட்ட பாலாடைக்கட்டிதான் என்று சொல்லிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறினேன்.

மேட்டின் உச்சியில் ஒரு விடுதி. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நான் தட்டுகளுக்காக ஆசையோடு காத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அன்றைக்குத்தான் முதல் தடவையாக நானே அவற்றை எதிர்பார்த்தேன். விடுதிக்காரப் பெண் வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"நாம எத்தனை பேர்னு அவகிட்ட கேளு," என்றேன் நாத்தனாரிடம்.

"அண்ணி, எதுக்கு..."

"கேளு!"

கேட்டாள். அந்தப் பெண் ஜன்னலைக் காட்டிக் கொஞ்ச நேரம் பேசினாள். சாதாரணமாகத்தான் பேசினாள். நாத்தனார் என்னைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். மாடி ஜன்னலில் இருந்து நாங்கள் வருவதைப் பார்த்தாளாம். நாலு பேர் என்று நாலு தட்டு எடுத்தும் வைத்தாளாம். பாலம் வரைக்கும் நாலு பேராகத்தான் வந்தோமாம். மேட்டில் ஏறும்போது மூன்று பேர் என்பதால் ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டாளாம்.

நான் எழுந்து வெளியே ஓடினேன். மேட்டின் விளிம்பில் நின்று பாலத்தைப் பார்த்தேன். வெயிலில் கண் கூசியது. பாலத்தில் யாரும் இல்லை.

மூன்று மணிக்கு ரத்தம் கண்டது. அந்த ஊர் டாக்டர் தாடி வைத்த பெரியவர், பேசினால் எனக்குப் புரியாது என்று தெரிந்து ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் ரத்தம் பார்க்கிறவள் நான், எனக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சைக்கிள்களை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு ரயிலில் திரும்பினோம்.

இப்படிப் போகிற பிள்ளை வயிற்றுக்குள்ளேயே பல நாள் முன்னால் நின்றுபோயிருக்கும், சைக்கிளும் காரணமில்லை, கல்லும் காரணமில்லை என்று மான்ட்ரியால் டாக்டரம்மா சொன்னாள். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கைக்குட்டையை அவிழ்த்து அந்த நட்டை என் கணவர் முன்னால் வைத்தேன். "நாலாவது ஆளை நீங்கதான் கழட்டி விட்டீங்க. அதனாலதான் மூணு பேரானோம்," என்றேன். கல் போன பிறகும் ஐந்து நாள் தட்டு வந்ததே என்று அவர் கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். அவர் கேட்கவில்லை. "ஆமா," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் என்னிடம் கிண்டல் பேசுவதை விட்டுவிட்டார். எட்டு மாதம் எங்கள் வீட்டில் உப்பு, பால், வாடகை தவிர வேறு பேச்சு கிடையாது. அத்தனைக்கும் காரணம் என் நாக்குதான், எனக்குத் தெரியும். ஆனாலும் தணிந்து போக மனசு வரவில்லை.

அடுத்த வசந்தத்தில் நாத்தனார் எம்.ஏ. முடித்தாள். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இத்தாலியச் சாப்பாட்டுக்கடைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானம், நல்ல கூட்டம். ஓரமாக ஒரு மேஜை கிடைத்தது. நடுத்தர வயசு பரிமாறுகிறவர் ஒருவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்த் தட்டுகளோடு வந்தார். என் கணவருக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலாவதை என் இடது பக்கத்தில், கொஞ்சம் எனக்கு நெருக்கமாக வைத்தார்.

என் கணவரின் முகம் வெளிறிப்போனது. அந்த ஆளிடம் மூன்று பேர்தான் என்று சொல்ல அவர் மூன்று விரலை உயர்த்தினார். இந்த மனுஷரும் எட்டு மாதமாக எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, நான் ஒருத்திதான் இழந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். விடவில்லை. பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்து, இத்தனை வருஷமாகத் திறக்காத வாயைத் திறந்து, "காத்ர்," என்றேன். நாலு.

அவர் இதில் என்ன இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, நாலு டம்ளரிலும் தண்ணீர் ஊற்றினார்.